வலி நின்ற பிறகு

காலை ஐந்து ஐம்பது. பால் பாக்கெட்டுடன் தெருவுக்குள் திரும்பியபோது நான் முதலில் பார்த்தது ஒற்றைச் செருப்பு. வலதுகால் ரப்பர் செருப்பு, நீல வார். எங்கள் வீட்டுக்கு ஐந்து வீடு முன்னால், தெருவிளக்கின் வெளிச்சத்தில், கவிழாமல் நேராகக் கிடந்தது. யாரோ நிதானமாகக் கழற்றி வைத்துவிட்டு நடந்ததுபோல் இருந்தது. அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தெருமுனையில் தடுப்புக்கு நட்ட சவுக்குக் கம்புகளை இன்னும் முழுதாக அள்ளவில்லை. பனி இறங்கியிருந்தது.

செருப்புக்கு அப்பால் என் மச்சினன் போய்க்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். வலது கால் வெறுங்கால்.

செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் போட்டேன்.

"என்ன மாப்ள, ஒத்தச் செருப்போட வார?"

அவன் குனிந்து காலைப் பார்த்தான். சற்று நேரம் பார்த்தான்.

"கழண்டுருச்சா? தெரியல மச்சான். பனியில காலு வெறைச்சுப் போச்சு."

"வலி எப்படி இருக்கு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். போயே போச்சு. மூணு வாரம் கழிச்சு நேத்துத்தான் நீட்டிப் படுத்துத் தூங்குனேன். எல்லாம் உங்க காலு."

அவன் என் மனைவியின் தம்பி. அப்போது நாற்பத்தொரு வயது. பெரியார் பஸ் நிலையத்துக்கும் அவனியாபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பதினேழாவது வயதிலிருந்து அவன் செய்தது அந்த ஒரு வேலைதான். ஆட்டோவில் கிளட்ச் இடது கையில், ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருக்கும். காலுக்கு இருப்பது ஒரே வேலை, பிரேக். அது வலது கால்.

வலி பொங்கலுக்கு முன்பே தொடங்கியிருந்தது. வலது புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றிப் பெருவிரலில் போய் நிற்கும். இருமினால் மின்சாரம் பட்டதுபோல் உதறும். சாப்பிட உட்கார மாட்டான். சுவரில் சாய்ந்து நின்றபடி தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடுவான். தெருக்கோடி கிளினிக்கில் நான்கு ஊசி போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரு பகல் தாங்கியது. ஐந்தாவது ஊசிக்குப் போகாமல் என்னிடம் வந்தான்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் கால் முன்னால் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஐந்து வயதிலிருந்து மிதித்துவருகிறேன். மூட்டை தூக்குகிறவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், தண்ணீர்க்குடம் தூக்கிப் பிடித்துக்கொண்ட பெண்கள் என்று எல்லோரும் வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு முறை உண்டு. மூன்று நாள், பொழுது விடியும் முன். வந்தவர் வாசற்படிக்கு உள்ளே தலை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தால் இடுப்பில் மூன்று முறை மிதிக்க வேண்டும். எழுந்தவர் நன்றி சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன் என்றும் சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எதையும் கொடுக்கவும் கூடாது.

இருபத்தெட்டு வருடமாக நாளிதழில் வேலை பார்ப்பவன் நான். கடைசி ஆறு வருடமாக வார இணைப்பின் மருத்துவப் பக்கம் என் பொறுப்பு. முதுகுவலியைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரைக்கு 'முதுகை மிதிக்க விடாதீர்கள்' என்று தலைப்பு வைத்தது நான்தான். அந்த இதழ் வெளியான வாரத்திலும் ஒருவர் வந்தார், மிதித்தேன். கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்வது எங்கள் தெருவில், தண்ணீர் கேட்பவருக்கு இல்லை என்பதுபோல. பாதத்தை வைத்து எடுப்பதில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்றாம் நாள். வலி போய்விட்டது என்றாலும் கணக்கு முடிய வேண்டும் என்றான். படுத்தான். மிதித்தேன். அவன் எழும்போது வலது பாதம் படியில் தட்டியது. திரும்பிப் பார்க்காமல், முறைப்படி, போய்விட்டான். செருப்பை மறக்காமல் மாட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவன் மனைவி வந்தாள். முறைப்படி எதுவும் கொண்டுவரவில்லை.

"அண்ணே, பச்சப்பிள்ள கணக்கா தூங்குறாரு. எம்புட்டு நாளாச்சு."

மறுநாளே வண்டி எடுத்தான்.

ஐந்து நாள் கழித்து என் மனைவிதான் சந்தேகப்பட்டாள். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், "அவன் படியேறுறப்ப வேட்டியத் தூக்குற மாதிரி கைலிய முழங்கால்கிட்ட புடிச்சு இழுக்குறான். காலையும் சேத்துத் தூக்குறான். என்னன்னு கேட்டா சிரிக்கிறான். நீங்க அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். அந்த டாக்டர் என்றால் எங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதுகிறவர். வில்லாபுரத்தில் மாலை நேரம் பார்க்கிறார்.

போனோம். ஏழரை மணி. வெளியே இருபதுக்கு மேல் ஆட்கள். எங்களை முன்னதாகக் கூப்பிட்டார். "இவர் கையில போய்த்தான் என் எழுத்து தமிழா வருது" என்று உள்ளே இருந்த நர்சிடம் சொன்னார். மேசைக் கண்ணாடியின் கீழே, குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில், நான் தலைப்பு வைத்த தன் கட்டுரையை வெட்டி வைத்திருந்தார்.

மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல் வலது காலை மேலே தூக்கிப் பார்த்தார். கிட்டத்தட்ட நேராக நிமிரும்வரை தூக்கினார். வலிக்குதா என்றார். இல்லை என்றான். முன்பு இதே காலை ஒரு சாண் தூக்கினால் அலறியவன். அதை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் சரியாகத் துள்ளியது.

"இப்ப என்ன தொந்தரவு?"

"வலி இல்ல சார். பாதத்து மேல கொஞ்சம் மதமதன்னு இருக்கு. அக்காதான் பயப்படுது."

எழுந்து குதிகாலில் நடக்கச் சொன்னார். படுக்கைக்கும் அலமாரிக்கும் இடையே நான்கு அடிக்கு மேல் இடமில்லை. முதல் அடி இடது கால். அப்போது மருத்துவரின் போன் அடித்தது. அவர் திரும்பி எடுத்தார். இரண்டாவது அடியில் அவன் மேசை விளிம்பைப் பிடித்தான். வலது பாதத்தின் முன்பகுதி தரையில் கிடந்தது. அதை அவனால் தூக்க முடியவில்லை. அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் அலமாரியில் சாய்ந்து நேராக நின்றிருந்தான்.

"நடந்தாச்சா?"

"நடந்துட்டேன் சார்."

"செருப்பு கழலுதா? நடக்குறப்ப தெரியாமக் கழண்டு பின்னால கிடக்குதா?"

"இல்ல சார்."

அவர் என்னையும் ஒருமுறை பார்த்தார். வீட்டு ஆளிடம் உறுதி கேட்கிற பார்வை. செருப்பைக் கண்டெடுத்தவன் நான். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எப்போது, எங்கே என்று வரும். ஐந்து நாளைக்கு முன்னால், என் வாசலில், விடியும் முன் என்றால், அந்த நேரத்தில் அங்கே எதற்கு வந்தார் என்று வரும். கண்ணாடியின் கீழே அந்தத் தலைப்பு இருந்தது. நான் சொல்லவில்லை.

மாத்திரையும் இரண்டு வாரம் ஓய்வும் எழுதினார். செருப்பு கழன்றாலோ ஒன்றுக்குப் போவது தடைபட்டாலோ அன்றைக்கே வர வேண்டும் என்று சொல்லி, அதையே சீட்டின் கீழேயும் எழுதி அடிக்கோடிட்டார்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது கேட்டேன். "ஏன் மாப்ள பொய் சொன்ன?"

"ஒரு நாள் செருப்பு கழண்டதுக்கு முதுகக் கீறச் சொல்வாங்க. எங்க ஸ்டாண்டுல ஒரு அண்ணே கீறிட்டு வந்தாரு. இன்னைக்கு வரைக்கும் கட்டில்தான். நல்லாத் தூங்குறேன், நல்லாச் சாப்பிடுறேன். எதுக்கு மச்சான்?"

பிறகு சொன்னான்: "நீங்களும்தான் ஒண்ணும் சொல்லல."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் அவன் பக்கம் நின்றதாக எடுத்துக்கொண்டான்.

மனைவியிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவன் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த ஏழு நாளும் வண்டி ஓட்டினான். ஓட்டிய விதத்தை ஸ்டாண்டில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். வலது காலை எப்போதும் பிரேக்கின் மேலேயே வைத்திருப்பான். அழுத்த முடிந்தது; எடுத்து வைக்க முடியவில்லை. எடுக்க வேண்டியிருந்தால் பேன்ட்டின் முட்டியைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைப்பான். இறங்கி நடந்தால் பாதம் தரையில் சப்பென்று விழும். நடையை வைத்து அவனுக்குப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

"வாத்து வாருது, வழி விடுங்கப்பா."

"மாப்ள, யாரைப் பாத்து ஆட்டம் போடுற? அந்தக் காலு தாளம் தப்புதே."

அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

பன்னிரண்டாவது நாள் காலை ஒன்பதே கால் மணிக்கு, ஸ்டாப்பில் நின்றிருந்த டவுன் பஸ்ஸின் பின்னால் வண்டி மோதியது. வேகம் இல்லை. முன்கண்ணாடி விரிசல், யாருக்கும் அடி இல்லை. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு பெண், "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாளாம். அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பாதத்தின் நுனி பிரேக் கட்டைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டது பக்கத்து வண்டிக்காரர். பாதம் அங்கே போய் மாட்டியது அவனுக்குத் தெரியவே இல்லை.

வைகைக்கு வடக்கே உள்ள ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அவனும் அவன் மனைவியும் ஸ்டாண்டுக்காரர் ஒருவரின் வண்டியில் வந்தார்கள். நான் அலுவலகத்திலிருந்து நேராகப் போனேன். முதலில் பார்த்தது பயிற்சியில் இருந்த பெண் மருத்துவர். முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுதினார். கட்டிலில் உட்காரவைத்து, அவனுடைய இரண்டு பெருவிரல்களின் மேலும் தன் ஆள்காட்டி விரல்களை வைத்து, "என் விரலைத் தள்ளிவிட்டு மேல தூக்குங்க" என்றார். இடது விரல் தள்ளியது. வலது விரல் கொஞ்சம் அசைந்து நின்றது. பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துத் தூக்கச் சொன்னார். இப்போது கொஞ்சம் வந்தது.

"ரெண்டு" என்று தனக்குள் சொல்லி எழுதினார். அவன் மனைவி என்ன ரெண்டு என்று கேட்டாள். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஐந்து என்றால் முழுப் பலம். மூன்று என்றால் தன் எடையைத் தானே தூக்கும். இரண்டு என்றால் அசையும், தூக்காது. பூஜ்யம் என்றால் எதுவும் இல்லை.

ஒரு ஊசியால் காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள குழியிலும் பாதத்தின் மேற்புறத்திலும் அவனுக்கு ஊசியா விரலா என்று சொல்லத் தெரியவில்லை. பின்பக்கம் உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா, ஒன்றுக்குப் போவது எப்படி என்று கேட்டார். அது சரியாக இருந்தது. அதையும் எழுதினார்.

"செருப்பு கழலுதா?"

"ஆமா டாக்டர்."

"தெரிஞ்சு கழலுதா, தெரியாமயா?"

"தெரியாமத்தான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

எழுதினார். எதிரே நின்று தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். காவல்நிலைய மேசைகளில் கற்றது. இரண்டு நாள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

"பன்னிரண்டு நாள்" என்றேன்.

பேனா நின்றது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பன்னிரண்டு நாளைக்கு முன்னால. காலையில ஐந்து ஐம்பது. எங்க வீட்டுத் தெருவுல. செருப்ப எடுத்தது நான்."

அவர் 'இரண்டு' என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 'பன்னிரண்டு' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். "அந்த நேரத்துக்கு உங்க வீட்டுக்கு ஏன் வந்தாரு?"

சொன்னேன். மூன்று நாள், மூன்று மிதி, இடது கால். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. இதற்கு முன் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

"வலி எப்ப நின்னுச்சு?"

"அதுக்கு முந்தின ராத்திரி. இரண்டு நாள் மிதிச்ச பிறகு."

"வலி போனதும் சரியாயிருச்சுன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"நசுங்குற நரம்பு முதல்ல கத்தும். ரொம்ப நசுங்குனா கத்துறதை நிறுத்திரும். வலி போய் காலும் சோர்ந்தா அன்னைக்கே வரணும்." குரலை உயர்த்தாமல், அடுத்த நோயாளியின் கோப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

மிதித்ததால்தான் ஆனதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு முன்பே பிதுங்கியிருக்கும், ஒரு துண்டு எப்போது உடைந்து நழுவியது என்று யாராலும் சொல்ல முடியாது, மிதிக்காமலும் நழுவியிருக்கலாம். "நாள்தான் கணக்கு" என்றார்.

ஸ்கேன் மறுநாள் காலை. காத்திருக்கும் கூடத்தில் பதினான்கு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது ஐந்து பேர். மற்றவர்கள் நின்றார்கள், அல்லது தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். உட்காரத் தாங்காதவர்கள் வரும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற ஒருவர் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என் மச்சினனைப் பார்த்து, "நீங்க எந்த மார்க்கெட்டு?" என்றார்.

"நான் ஆட்டோண்ணே."

"அப்ப உக்காந்தே கெடுத்துக்கிட்டீங்க. நாங்க தூக்கிக் கெடுத்தோம். எது தேவலன்னு அந்த மிசின்கிட்டத்தான் கேக்கணும்."

"காலு நடக்குதா உங்களுக்கு?"

"நடக்குது. வலிதான் உசுரு போகுது."

"வலிச்சா நல்லதாம்ணே" என்றான் என் மச்சினன்.

இவன் தன்னைக் கேலி செய்கிறான் என்று அவர் நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். கழுத்துத் தாயத்தைக் கழற்றினான். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. கொக்கி பல வருடமாகத் திறக்கப்படாமல் இறுகிவிட்டது. ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்போது அரைஞாண் இல்லாமல் இருக்கக் கூடாது என்று அவன் மனைவி வாசலில் நின்று சொன்னாள். உள்ளே இருந்த ஊழியர் சலிக்காமல், "தினம் பத்துப் பேருக்கு அறுக்குறோம்மா" என்றார். சிறு குறடால் வெட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் தன் சேலை முந்தியிலிருந்து ஒரு நூலை இழுத்து அறுத்து, அவன் இடுப்பில் கட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

படத்தை அறுவை மருத்துவர் விளக்கின் முன் பிடித்துக் காட்டினார். இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்விலிருந்து, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. நரம்பு வெளியேறும் இடத்தை அது அடைத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நரம்பு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. வலப்பக்கம் அந்தப் புள்ளி இல்லை.

எடுத்துவிடலாம், அது கஷ்டமில்லை என்றார். கால் திரும்புமா என்பதற்கு அவர் உறுதி சொல்லவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா வாய்ப்பு அதிகம். இப்பவும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"வண்டி ஓட்டலாமா சார்?" என்று மச்சினன் கேட்டான்.

"முதல்ல விரல் தூக்கட்டும்."

ஒப்புதல் படிவத்தில் அவன் கையெழுத்திட்டான். சாட்சிக்கு நான்.

பதினான்காவது நாள் காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அவன் மனைவியும் வராந்தாவில் இருந்தோம். என் மனைவி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணே, வில்லாபுரத்து டாக்டர் செருப்பப் பத்திக் கேட்டாராமே."

"கேட்டார்."

"இவரு இல்லன்னு சொன்னாராம்."

"ஆமா."

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் எழுந்து போய் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணே என்று என்னை அவள் கூப்பிட்டது அன்றுதான் கடைசி. இப்போது பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய மாமா என்கிறாள்.

பத்து ஐம்பதுக்கு அறுவை மருத்துவர் வெளியே வந்தார். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளையாக, நண்டின் சதைபோல, மூன்று துண்டுகளைக் காட்டினார். நரம்பு நாடாபோலத் தட்டையாகிக் கிடந்தது என்றார். விடுவித்தாகிவிட்டது, இனி அது தானாக எழும்ப வேண்டும்.

மூன்றாம் நாள் அவன் நடந்தான். பாதம் தொங்காமல் இருக்க, முழங்காலுக்குக் கீழே பிடித்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டால் ஷூ மட்டுமே போட முடியும். அவனிடம் ஷூ இருந்ததில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் வாங்கிவந்தார்கள். வாத்து என்று பெயர் வைத்தவர்தான் குனிந்து மாட்டிவிட்டார். "பெரிய ஆபீசர் ஆயிட்ட மாப்ள" என்றார். அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தட்டச்சு செய்த நான்கு பக்கச் சுருக்கம் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை திருத்திப் பிழைப்பவன் என்பதால் வரிவரியாகப் படித்தேன். பலவீனம் பன்னிரண்டு நாள் என்று சரியாக இருந்தது. வலது பெருவிரலின் பலம், மருத்துவமனையில் சேர்க்கும்போது இரண்டு, அனுப்பும்போது இரண்டு. மருந்துகளும் அறுவை விவரமும் சரி. மிதித்தது எங்கும் இல்லை. முதுகில் அடியோ அழுத்தமோ பட்டதாகத் தகவல் இல்லை என்று ஒரு வரி இருந்தது.

பெண் மருத்துவரைத் தேடிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"நான் எழுதியிருந்தேன். பிறகு உங்க மச்சினனே கூப்பிட்டுச் சொன்னார், அப்படி யாரும் மிதிக்கவே இல்ல, மச்சான் பதட்டத்துல சொல்லிட்டாருன்னு. நோயாளி சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்கணும்."

"நான் சொன்னது உண்மை."

"இருக்கலாம் சார். சிகிச்சை மாறப்போறதில்ல."

தாளை மடித்துக்கொண்டு வந்தேன். அவனிடம் அதைப் பற்றிப் பேச மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவன் வேறு எதையாவது கேட்டான். ஆபீஸ்ல லீவு தந்தாங்களா, அக்காவுக்கு முழங்கால் எப்படி, தெருவுல தண்ணி வந்துச்சா.

அதன் பிறகும் என்னிடம் ஆட்கள் வந்தார்கள். வில்லாபுரத்து மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். திருவாதவூரிலிருந்து விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து வந்த ஒருவர், "அம்புட்டுத் தூரம் வந்துருக்கேன், ஒரு காலை வச்சு எடுக்க என்ன கிராக்கி?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பிறகு படியில் தானாகவே குப்புறப் படுத்துக்கொண்டார். என் மனைவி கதவைச் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வில்லாபுரத்து மருத்துவரிடமும் போய்ச் சொன்னேன். நடந்ததை நாள் வரிசையில் சொன்னேன். அவர் அன்று வந்த போனை எடுத்தது நினைவிருப்பதாகச் சொன்னார். இப்போதும் வாரம் தவறாமல் எழுதுகிறார். நான் திருத்துகிறேன்.

மச்சினன் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தின் அடியில் துண்டைப் போட்டு இரண்டு கையாலும் தன் பக்கம் இழுக்கிறான். முப்பது தடவை. பிறகு துண்டு இல்லாமல் முப்பது தடவை. அப்போது விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிள்ளைகளில் சின்னவள் எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். வண்டியை இப்போது ஸ்டாண்டில் வேறொருவர் ஓட்டுகிறார்.

மறுபரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். மூன்றாம் மாதச் சீட்டில் வலது பெருவிரலுக்கு நேரே இரண்டு என்று எழுதியிருந்தது. ஆறாம் மாதச் சீட்டில் இரண்டு. சென்ற வாரம் பத்தாம் மாதம் முடிந்தது. இரண்டு.